குஞ்சோடு நின்ற விரால்

ஐப்பசி, ஞாயிறு இரவு.

மழையில் கரிவலம்வந்தநல்லூர் குளம் பெருகிக் கிடக்கிறது. நானும் சகலை மாரியப்பனும் காற்றடித்த கயாக் படகில் விரால் பிடிக்கப் போனோம். அவன் பெண்டாட்டி, என் மனைவி பார்வதியின் தங்கை, ஆடியில் சண்டை போட்டுப் பிள்ளையோடு சிவகிரிக்கு அப்பா வீட்டுக்குப் போனவள், இன்னும் திரும்பவில்லை. அந்தப் பேச்சை நாங்கள் எடுப்பதில்லை.

தாமரைக் கொடி ஓரமாகத் தூண்டிலில் கட்டிய ரப்பர் தவளையை வீசினேன். விழுந்ததுமே ஒரு விரால் பாய்ந்து கவ்வியது. கயாக்கே ஆடிவிட்டது. மீனைத் தூக்கியபோதுதான் பார்த்தேன், பக்கத்தில் தண்ணீர் சிவப்பாகக் கொப்பளித்தது. அத்தனையும் குஞ்சு.

"காவல் நின்னிருக்கு சகல. விட்டுருவோம்" என்றான் மாரியப்பன்.

"தாயா இருக்கும்" என்றேன்.

"தகப்பனும் நிக்கும்."

அவனே முள்ளைக் கழற்றி, மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் விட்டான். அது போன பிறகும் கையை எடுக்கவில்லை.

கரையேறும்போது கேட்டான். "நாளைக்குப் பிள்ளையப் பாக்கப் போறேன். தனியாப் போனா வாசலோட அனுப்பிருவாங்க. நீங்க கூட வாரீயளா?"

"பாப்போம்" என்றேன். அவன் தலையாட்டிவிட்டு கயாக்கின் காற்றைத் திறந்துவிட்டான்.

அதென்ன பாப்போம்? மாமனாருக்குப் பயந்தா, பார்வதிக்குப் பயந்தா? சற்று முன் பார்வதியிடம், நாளைக்கு அவனோடு சிவகிரிக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டேன். "பிள்ளைக்கு ஏதாவது வாங்கிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

மாரியப்பனுக்கு போன் போட்டேன். முதல் மணியிலேயே எடுத்துவிட்டான்.