கலண்டர் தாளின் மேல் பாதி

நானா,

பதுளையில் புதிதாக ஒரு டயர் கடை திறந்திருக்கிறார்கள். கண்ணாடிக் கதவு, குளிரூட்டி, காத்திருப்பவர்களுக்கு மெத்தை நாற்காலி. போன வியாழக்கிழமை கதவைத் தள்ளி உள்ளே போனதும் புது ரப்பர் வாசனை முகத்தில் அடித்தது. உங்கள் டயர் கடையில் அந்த வாசனையோடு கராம்பும் கலந்திருக்கும். பல்வலிக்கென்று எப்போதும் ஒரு கராம்பை வாயில் அடக்கி வைத்திருப்பீர்கள். இங்கே ரப்பர் மட்டும்தான். அதுவே எனக்கு ஏதோ குறைகிற மாதிரி இருந்தது. குறைந்தால் சந்தேகம் வருவது என் தொழில் வியாதி.

நீங்கள் பார்த்த அதே மின்சாரக் கார்தான். முன் டயர் இரண்டும் நான் நினைத்ததைவிடச் சீக்கிரமாகத் தேய்ந்துவிட்டன. அந்தக் காரை முதன்முதலில் உங்கள் கடைக்கு முன்னால் நிறுத்திய நாளில் நீங்கள் அதை ஒரு சுற்றுச் சுற்றி வந்தீர்கள். "சத்தமே இல்லாம வாறான். கிட்ட வாற வரைக்கும் தெரியாது. ரிப்போட்டருக்குத் தோதான வண்டி" என்றீர்கள். பிறகு குனிந்து டயரை அமுக்கிப் பார்த்துவிட்டு, "பெட்டரி கீழ ஈக்குது. அந்தக் கனத்தச் சுமக்கிறது டயர் தான். மாத்துற அண்டைக்குப் பாரத்துக்குரிய நம்பரப் பாருங்க. ஸ்டிக்கரப் பாக்க வாணாம்" என்றீர்கள்.

மாற்றுகிற நாள் வந்தபோது நீங்கள் இல்லை. போன நோன்புக்கு முந்திய மாதம் உங்களை அடக்கம் செய்த அன்று, ஜனாஸாவில் கடைசி வரிசையில் நின்றவர்களில் நானும் ஒருவன். உங்கள் கடையில் இப்போது கைபேசி உறை விற்கிறார்கள்.

புதிய கடையின் விற்பனையாளருக்கு முப்பது வயதிருக்கும். கழுத்தில் டை, பேச்சில் தேயிலைத் தோட்டத்துச் சாயல். பக்கவாட்டில் பச்சை இலை ஒட்டிய டயர் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்.

"சேர், இது மின்சாரக் காருக்குன்னே செஞ்ச டயர். உருள்ற சத்தம் கேக்காது. சார்ஜும் கூட நாள் நிக்கும்."

"எவ்வளவு கூட?"

"நல்லாவே கூட."

"நீங்க அளந்து பாத்தீங்களா?"

"கம்பனி அளந்திருக்கு சேர்."

"கம்பனி எந்த ரோட்டுல அளந்துச்சு? ஹப்புத்தளை ஏத்தத்துலயா?"

சிரித்தார். நான் உட்கார்ந்து பாரத்துக்குரிய எண்ணைத் தேடினேன். 91. என் கார்க் கதவின் ஓரத்தில் ஒட்டியிருப்பது 94. "மூணு தானே சேர் வித்தியாசம்" என்றார். அந்த மூன்று ஒரு சக்கரத்துக்கு ஐம்பது கிலோவுக்கு மேல் என்று சொன்னேன். அவர் வேறொன்றை உருட்டி வந்தார். அதில் 94 இருந்தது, இலை இல்லை. டயர் எந்த வாரம், எந்த வருடம் செய்யப்பட்டது என்று சொல்லும் நான்கு இலக்கங்களைத் தேடினேன். வெளிப்பக்கத்தில் இல்லை.

"திருப்புங்க."

"அது உள்பக்கம் இருக்கும் சேர். சேர் டயர் வாங்க வந்தீங்களா, பொண்ணு பாக்க வந்தீங்களா?"

மெல்லிய தாளும் பென்சிலும் கேட்டேன். அப்போதுதான் அவர் அதைச் சொன்னார்.

"இவ்வளவு சந்தேகப்படாதீங்க சேர். பழைய டயரப் புதுசுன்னு விக்கிற காலம் போச்சு. முந்தி இந்த டவுன்ல டயர் விக்கிற முஸ்லிம் நானா ஒருத்தர் இருந்தாராம். அவர் அப்படி வித்த டயர் வெடிச்சுப் பூனாகல ரோட்டுல வேன் கவுந்து ஏழு பேர் செத்தாங்களாம். பேப்பர்லயே வந்துச்சுன்னு அப்பா சொல்வாரு."

ஒருவரும் சாகவில்லை, நானா. உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். பேப்பரில் எழுதியது நான். டயர் வாங்காமல் வெளியே வந்துவிட்டேன்.

நான் எதற்காகத் தாளும் பென்சிலும் கேட்டேன் என்பது அவருக்குப் புரிந்திருக்காது. நீங்கள் டயர் விற்றால், சுவரில் தொங்கும் நாட்கலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழிப்பீர்கள். அதை அந்த நான்கு இலக்கங்களின் மேல் வைத்துப் பென்சிலால் தேய்ப்பீர்கள். இலக்கங்கள் தாளில் எழும்பி வரும். மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை, அதே இலக்கம். பிறகு நடுவில் கையாலேயே கிழிப்பீர்கள். தேதி அச்சடித்த மேல் பாதி உங்களுக்கு, தொழுகை நேரம் அச்சடித்த கீழ்ப் பாதி வாங்கியவருக்கு. எவராவது பழைய டயரைக் கொண்டுவந்து இதை நீதான் விற்றாய் என்று சண்டை பிடித்தால், இரண்டு பாதியையும் ஒட்டிப் பார்ப்பீர்கள்.

"நீங்க விக்கிறவன நம்ப மாட்டீங்க. நான் வாங்கிறவன நம்ப மாட்டன். ரெண்டு பேரும் சரி" என்று ஒருமுறை சொன்னீர்கள். நான் அதை ரசித்தேன். கூடவே, இவ்வளவு கவனமாக இருக்கிறவருக்கு மறைக்க ஏதோ இருக்க வேண்டும் என்றும் நினைத்தேன்.

இருபது வருடத்துக்கு மேலாகிறது. பூனாகலையிலிருந்து பண்டாரவளைக்கு ஒரு கல்யாண வீட்டுக்குப் போன வேன், முன் இடது டயர் வெடித்துத் தேயிலைக்குள் உருண்டது. பதினொரு பேருக்குக் காயம். எல்லாரும் கொழுந்து பறிக்கிறவர்கள். அவர்களில் ஒரு பெண்ணின் வலது கை கடைசிவரை நேராகவில்லை. நான் முதலில் இடத்துக்குப் போனேன். வெடித்த டயரைப் பார்த்தேன். அதில் செய்த வாரத்தைச் சொல்லும் இடத்தில் மூன்று இலக்கங்கள்தான் இருந்தன, குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு ஆஸ்பத்திரிக்குப் போய், தலையில் கட்டோடு கிடந்த வேன்காரரிடம் பேசினேன். அடுத்த நாள் செய்தி வந்தது. பதுளை நகரின் பிரதான வீதியிலுள்ள கடையொன்றில் புதிது எனக் கூறி விற்கப்பட்ட பழைய டயரே விபத்துக்குக் காரணம் எனத் தெரியவருகிறது. உங்கள் பெயர் இல்லை. தேவையும் இருக்கவில்லை. பிரதான வீதியில் அப்போது தோட்டத்து வேன்கள் டயர் வாங்கிய கடை ஒன்றுதான்.

நீங்கள் சத்தம் போடவில்லை. ஒரு மேல் பாதியை எடுத்துக்கொண்டு என் அலுவலகத்துக்கு வந்தீர்கள். தாளின் தேதி விபத்துக்கு நான்கு மாதம் முந்தியது. பென்சில் தேய்ப்பில் நான்கு இலக்கம்.

"வெடிச்ச டயர்ல மூணு இலக்கம். அது இரண்டாயிரத்துக்கு முந்தின டயர். நான் வித்தது இது. மத்தப் பாதி வேன்காரனுட்ட ஈக்குது, கேளுங்க."

நான் கேட்கவில்லை. பழைய கலண்டர் தாளை யாரும் பத்திரப்படுத்தலாம், எந்த டயரின் மேலும் வைத்துத் தேய்க்கலாம் என்று சொன்னேன். நீங்கள் தாளை என் மேசையில் வைத்தீர்கள்.

"சரி. அவனுட்ட என்ன கேட்டீங்க? வார்த்தைய அப்படியே செல்லுங்க."

நிருபர் தன் குறிப்பைக் கடைக்காரருக்குக் காட்டுவதில்லை என்றேன். எவ்வளவு நிமிர்ந்து உட்கார்ந்து அதைச் சொன்னேன் என்பது இன்றும் முதுகுத்தண்டுக்கு ஞாபகம் இருக்கிறது. வாசல்வரை போய்த் திரும்பி, "என் பேரப் போடாததுக்கு நன்றி. இனியும் போட வாணாம். நல்லதுக்கும் வாணாம்" என்றீர்கள். அதன்பின் ஒரு வருடத்துக்குத் தோட்டத்து வேன்கள் பண்டாரவளைக்குப் போய் டயர் வாங்கின. நான் மட்டும் உங்களிடமே வந்தேன், ஏனென்று எனக்கே சரியாகத் தெரியாமல். ஒவ்வொரு தடவையும் நீங்கள் தாளை வழக்கத்தைவிட மெதுவாகத் தேய்த்தீர்கள். தாளைப் பற்றியோ செய்தியைப் பற்றியோ ஒரு சொல்லும் சொல்லவில்லை. அந்த அமைதியையும் நான் சந்தேகித்தேன்.

அந்த வியாழக்கிழமை வீட்டுக்கு வந்து பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்தேன். நான் பதிலை மட்டுமல்ல, கேள்வியையும் எழுதிவைக்கிறவன். அதில் பெருமை உண்டு. ஆஸ்பத்திரிப் பக்கத்தில், என் கையெழுத்தில், முதல் கேள்வி இப்படி இருந்தது: "நானாதானே பழைய டயரைப் புதுசுன்னு தந்து ஏமாத்தினார்?" அதன் கீழே பதில்: "ஆமாங்க."

அதற்கு மூன்று பக்கம் முன்னால், டயரின் மூன்று இலக்கங்கள். உங்கள் மேல் பாதி அதே குறிப்பேட்டுக்குள்தான் கிடந்தது.

சனிக்கிழமை கொஸ்லந்தைக்குப் போனேன். வேன்காரர் இப்போது அங்கே வீதியோரத்தில் சின்னத் தேநீர்க் கடை வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். தேய்ந்த டயரோடு அந்த இறக்கத்தில் இறங்கியது சரியான செயல் அல்ல. நீங்கள் இருந்திருந்தால் ஏசியிருப்பீர்கள். இறக்கத்தில் பெட்டரியில் சார்ஜ் ஏறிக்கொண்டே வந்தது. வளைவுகளில் டயர் வழுக்கப் பார்த்தது. சத்தமில்லாத காரில் அது தெளிவாகக் கேட்கும்.

அவர் என்னைப் பார்ப்பதற்கு முன் டயரைப் பார்த்தார்.

"வாங்கய்யா. உள்பக்கமாத் தின்னுருக்கு பாருங்க. எலைன்மென்ட் சரி பண்ணாம புதுசு போட்டீங்கன்னா அதையும் தின்னுரும்."

பிளேன்டீ வந்தது. இந்தத் தடவை ஒரே ஒரு கேள்வியைத்தான் எடுத்துக்கொண்டு போயிருந்தேன்.

"அன்னைக்கு வெடிச்ச டயர் எங்கிருந்து வந்துச்சு?"

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். அவர் இரண்டு பேருக்குச் சாமான் கொடுத்தார். மேசையைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார்.

"என்னோட பழைய டயருதாங்க. நானாகிட்ட ரெண்டு புதுசு வாங்கிப் போட்டேன், அது நெசம். மச்சான் எல்ல டவுனுக்கு, சுத்திப் பாக்க வர்ற வெள்ளக்காரங்கள ஏத்தி எறக்கிக்கிட்டு இருந்தான். அந்த ஹயர் ஓட்டத்துக்கு நல்ல டயர் வேணும், கொஞ்ச நாளைக்குக் குடுன்னான். கழட்டிக் குடுத்துட்டு, மூலையில கெடந்த பழச எடுத்து நம்ம வேனுக்குப் போட்டேன். நம்ம சனந்தானே, மெதுவாப் போனாப் போதும்னு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க அதக் கேக்கலையேய்யா. தலையில கட்டோட கெடக்கேன், பொலிஸ் வெளிய நிக்கிறான். நீங்க உள்ள வந்து, நானாதானே ஏமாத்தினாருன்னு கதையையே கையில குடுத்தீங்க. வாங்கிக்கிட்டேன்."

அவர் சொல்வது இப்போதாவது உண்மையா என்று யோசித்தேன். மச்சான் கடல் கடந்து போய்விட்டார், கேட்க வழியில்லை. ஆனால் என் குறிப்பேட்டில் மூன்று இலக்கம், உங்கள் தாளில் நான்கு. அவர் சொன்ன கதை மட்டுமே இரண்டோடும் பொருந்துகிறது. இதை நான் அன்றே செய்திருக்கலாம். அவர் தோட்டத்து லயத்தில் பிறந்தவர், நானும் லயத்தில் பிறந்தவன், நீங்கள் கடைவீதிக்காரர். எல்லாரையும் சந்தேகிக்கிறவன் என்று என்னை நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையில் ஒரு பக்கத்தை மட்டும்தான் சந்தேகித்திருக்கிறேன்.

"எழுதப் போறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமா."

"எழுதுங்க. மச்சான் பேரப் போட்டுறாதீங்க. எனக்கும் அந்த அக்காவோட கை இன்னும் கண்ணுக்குள்ள நிக்குதுங்க."

கிளம்பும்போதுதான் அந்தக் கீழ்ப் பாதியைப் பற்றிக் கேட்டேன். அவர் சொன்னதைக் கடைசியில் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை சக்கரங்களை நேராக்கிவிட்டு அந்தக் கண்ணாடிக் கதவுக் கடைக்குத் திரும்பப் போனேன். 94 போட்ட, இலை இல்லாத டயர் இரண்டு எடுத்தேன். என் வீட்டுக் கலண்டரிலிருந்து அன்றைய தாளைக் கிழித்துக்கொண்டு போயிருந்தேன். உள்பக்கத்தைத் திருப்பச் சொல்லி இரண்டு தடவை தேய்த்தேன். போன வருடத்தின் முப்பத்தெட்டாவது வாரம். நடுவில் கிழித்து மேல் பாதியை விற்பனையாளரிடம் நீட்டினேன். அவர் அதை மருந்துச் சீட்டைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"அந்தச் செய்திய எழுதினது நான்தான். ஒருத்தரும் சாகல. அந்த நானா பழைய டயர் விக்கல" என்றேன்.

"அதை நான் எப்படி சேர் நம்புறது?"

நியாயமான கேள்வி. எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

"நம்ப வேணாம். கொஸ்லந்தைக்குப் போய் அந்த டீக்கடைக்காரர்கிட்டயே கேளுங்க. கேக்கும்போது பதில நீங்களே குடுத்துராதீங்க."

அவர் உங்கள் பெயரைக் கேட்டார். சொன்னேன். முழுப் பெயரையும் சொன்னேன். இங்கே அதை எழுதவில்லை. வேண்டாம் என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கிறது. இந்த மடல் அன்று செய்தி வந்த அதே பத்திரிகைக்குத்தான் போகிறது. அன்று தெரிந்துகொண்டவர்களுக்கு இன்றும் தெரிந்துவிடும்.

காரின் முன்பெட்டியில் என் கீழ்ப் பாதியை வைத்திருக்கிறேன். அதன் அடியில் உங்கள் மேல் பாதி. இரண்டும் ஒட்டாது. உங்களுடையதோடு ஒட்டவேண்டிய பாதியைத்தான் கொஸ்லந்தையில் கடைசியாகக் கேட்டேன்.

"அதுங்களா? நீங்க ஆஸ்பத்திரியில வந்து பேசுறப்ப என் சட்டப் பையிலதான் இருந்துச்சு. நீங்க போனப்புறந்தான் சம்சாரத்துக்கிட்ட குடுத்து அடுப்புல போடச் சொன்னேன்" என்றார்.