சர்க்கரை போடாத டீ

நவம்பர் 4, செவ்வாய்
விடியலிலிருந்து தூறல். ஓசூர் பஸ் ஸ்டாண்ட் முழுக்கச் சேறு. லீவு போட்டுவிட்டு கிருஷ்ணகிரி ஏ.ஆர்.டி. சென்டர். வைரல் லோடு, அதாவது ரத்தத்தில் கிருமி, குறையவில்லை, ஏறியிருக்கிறது. எச்.ஐ.வி.க்கு நான் சாப்பிடும் இரண்டாவது செட் மாத்திரையும் கேட்கவில்லையாம். மூன்றாவது செட்டுக்குச் சென்னைக் கமிட்டி சம்மதிக்கணும். எந்த மருந்து இன்னும் கேட்கும் என்று பார்க்க ரத்தம் எடுத்தார்கள்.

டாக்டரம்மா: "இத்தன வருசமா என்னென்ன சாப்ட்டீங்க, எழுதிட்டு வாங்க. விட்ட நாளையும் எழுதணும். மறைச்சா உங்களுக்குத்தான் நஷ்டம்."

குடையை பஸ்ஸிலேயே விட்டுவிட்டேன். சனியன்.

நவ. 5
பட்டியல்:
- பெங்களூர் பிரைவேட் டாக்டர். பெரிய வெள்ளை மாத்திரை, பேர் தெரியாது. ஒரு ஆளுக்கான மாத்திரையை வாங்கி நானும் வீட்டுக்காரரும் பாதி பாதி. அவர் போய்ச் சேர்ந்தார்.
- சென்டர் முதல் செட். ரத்தம் குறைந்தது, ஒரு மாத்திரையை மாற்றினார்கள்.
- இரண்டாவது செட்.
- விட்டது:

இங்கே கை ஓடவில்லை. மகள் பிரசவத்துக்கு வந்து ஐந்து மாதம் இருந்தாள், ஒரே ரூம். அவளுக்குத் தெரியாது. டப்பாவை எங்கே ஒளிப்பது? மாதாமாதம் வாங்கி வந்து சாக்கடையில் கொட்டினேன். சென்டரில் கேட்டால், "ஒரு வேளகூட விடலீங்க."

அரிசி ஊறவைக்கணும்.

நவ. 7
கம்பெனியில் எல்லாருக்கும் நான் சுகர்காரி. மாத்திரை எதுக்கு என்று கேட்டவர்களுக்குச் சொன்ன பொய். கேன்டீன் மஞ்சுளா, அத்திப்பள்ளிக்காரி, ஒன்பது வருஷமாக எனக்கு மட்டும் சர்க்கரை போடாத டீ. இப்போது அவளுக்கே நிஜமாகச் சுகர். இன்று மாத்திரை தீர்ந்துபோய்க் கேட்டாள்.
"அக்கா, உங்க சுகர் மாத்ர ஒண்ணே ஒண்ணு கொடுங்க."
"இல்லடி, தீந்துபோச்சு."
பையில் டப்பா தெரிந்தது. பார்த்துவிட்டாள்.
"ஒரு மாத்ரைக்கா அக்கா பொய் சொல்றீங்க?"
நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

நவ. 11
பட்டியல் கொடுத்தாச்சு. சாக்கடையையும் எழுதினேன். டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

டிச. 23
பனி. சென்னைக் கமிட்டி சம்மதித்துவிட்டது, புது மாத்திரை கையில். பழையதில் எதுவுமே இனிக் கேட்காதாம்.
"காலைல எட்டு, சாயந்தரம் எட்டு. சாப்ட்ட உடனே. இதையும் விட்டீங்கன்னா குடுக்க எங்கிட்ட வேற இல்லம்மா."
செகண்ட் ஷிப்டில் எட்டு மணி என்றால் கேன்டீன். நூறு கண். பயமாக இருக்கிறது. சொல்லிவிடலாம் என்று மகளுக்கு போன் போட்டேன், குழந்தைக்குச் சளி என்றாள். வைத்துவிட்டேன்.

டிச. 24
செகண்ட் ஷிப்ட். சாப்பாடு முடிந்து எட்டு அடிக்கப்போகிறது. மஞ்சுளா முகத்தைப் பார்க்காமல் டீயை வைத்தாள். ஒன்றரை மாதமாகப் பேச்சில்லை. அப்பவும் சர்க்கரை போடவில்லை, பாவி மக.
அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "மஞ்சுளா, தெனம் எட்டு மணிக்கு மாத்திர போட்டியான்னு என்னக் கேப்பியா? விட்டா செத்துருவேன்டி."
"சுகர் மாத்ரயா?"
"இல்ல."
உட்கார்ந்தாள்.