தைப்பூசம் வரை மாத்திரை இல்லை

ஜனவரி 26, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். தேயிலை லோரி கோலா தெர்லா வளைவில் மாட்டிக்கொண்டது. எஸ்டேட் கணக்கு எழுதும் கிராணி எனக்கு ஆபீசில் அரை நாள் சும்மா. காலையில் முகம் மழிக்கும்போது சின்னக் கீறல். ரத்தம் நிற்க முக்கால் மணி நேரம். எல்லாம் இதயத்துக்காகப் போடும் அந்த மாத்திரை வேலை. ஞாயிற்றுக்கிழமை தைப்பூசம், கன்னத்தில் அலகு. பயமாக இருக்கிறது.

சாயங்காலம் கோயிலில் பூசாரி யாரிடமோ: "போன வருசம் அலகு குத்துனப்ப ஒருத்தனுக்கு ரத்தம் கொட்டுச்சி. வெரதம் சுத்தமில்லலா, வேற என்ன?"

ஜன. 27, செவ்வாய்

வாங்க: எலுமிச்சை, மஞ்சள் வேட்டி, கற்பூரம்.

ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை இன்றோடு நிறுத்தம். தைப்பூசம் முடிந்ததும் போட்டுக்கொள்ளலாம். என் மனைவி செல்வி மீதி மாத்திரையை எண்ணிப் பார்க்கிற ஆள். அதனால் தினம் ஒன்று கழிவறையில்.

ஜன. 29, வியாழன்

பனி. எதிர் லயத்து வீடுகள் தெரியவில்லை. டாக்டர் ஞாபகம் வந்துகொண்டே இருக்கிறது. ஸ்டென்ட் வைத்த இதயக் குழாய் மூன்றாம் முறையும் சுருங்கியதால், குழாய்க்குள்ளேயே கதிர்வீச்சு கொடுத்தார்கள். சில நிமிடம்தான். டாக்டர் அப்போதே சொன்னார்: "கதிர் பட்ட எடம் லேசுல ஆறாது அங்கிள். மாத்திரைய ஒரு நாள்கூட விடாதீங்க. விட்டா ரத்தம் கட்டிக்கும்."

அந்த மேசையில் படுத்துக்கொண்டுதான் முருகனுக்கு அலகு நேர்ந்தேன். அவனுக்காகத்தானே நிறுத்தினேன். அவன் பார்த்துக்கொள்ள மாட்டானா?

செல்வி: "மாத்திர போட்டீங்களா?"

"போட்டாச்சிலா."

விரதத்தில் பொய்.

பிப். 1, ஞாயிறு

வெயில். நல்ல கூட்டம். அலகு இறங்கியது, ஒரு சொட்டு ரத்தம் இல்லை. "வேல் வேல்!" பூசாரி எல்லார் காதிலும் விழும்படி, "கிராணி வெரதம்னா இதான்லா" என்றார். செல்வி அழுதுகொண்டே என் காலில் விழுந்தாள். வெட்கமாகப் போயிற்று.

மாலை, வீடு. தாடை வலி. அலகு குத்தியதுதான் என்று நினைத்தேன். இப்போது இடது கை முழுக்க. இந்தக் குளிரில் சட்டை நனைந்துவிட்டது. வாசலில் செல்வி பக்கத்து வீட்டுக்காரியிடம், "ஒரு சொட்டு வரலக்கா, ஒரு சொட்டு!"

கூப்பிட வேண்டும். வந்ததும் முதலில் மாத்திரை போட்டீங்களா என்றுதான் கேட்பாள்.