ஏற்றப்பாட்டின் மறு அடி

மழை பிழையாத மருதவரை நாட்டை ஆளும் வேந்தர் கடம்பவேளின் திருவாணைப்படி, ஓலைநாயகம் மாறன் குன்றன், பருந்துப்பாறைக் கோட்டைத் தலைவர் ஏனாதி கொற்றனார்க்கு எழுதிவிடுத்த ஓலை. உமது மதில் உறுதியாய் நிற்க. உமது குடியும் படையும் நலம் காண்க. இதைச் சுமந்து வரும் குதிரை வழியில் இடறாதிருக்க எல்லாத் தெய்வங்களும் துணை நிற்க.

வேந்தருக்கு நஞ்சு வைக்கச் சதி செய்த குற்றத்திற்காக, உமது சிறையிலுள்ள இளவல் நீலவேளின் தலையை நாளை ஞாயிறு எழுமுன் கொய்க என்ற ஓலை இந்நேரம் உமது கையில் இருக்கும். அதை எழுதியவனும் இந்தக் குன்றனே. ஐயா, முதலில் அந்த வாளை உறையில் போடும்! மீதியைப் பிறகு படியும்.

சதி முறிந்த மகிழ்ச்சியில் இன்று நண்பகல் அவையில் விருந்து நடந்தது. பாணர் வந்து பண் பல பாடினர். வேந்தர் வெற்றிலை மென்றபடி தலையாட்டினார், அவ்வளவே. கடைசியில் சேந்தி என்னும் பாடினி, பரிசில் ஆசையில், தன் ஊர் உழவர் பாடும் ஏற்றப்பாட்டைத் தொடங்கினாள். பாவி மகள், அவளுக்கு என்ன தெரியும்! தந்தை நாடிழந்து ஒளிந்திருந்த காலத்தில் வேந்தரும் தம்பி நீலவேளும் உழவர் பிள்ளைகளாய் வேடம் பூண்டு நீர் இறைத்ததை அந்த அவையில் அறிந்தவன் குன்றன் ஒருவனே. மேலே ஏற்றம் மிதித்தபடி வேந்தர் ஓர் அடி பாடுவார். கீழே சால் பிடித்தபடி தம்பி மறு அடி பாடுவார்.

சேந்தி முதல் அடியைப் பாடி, வழக்கப்படி மறு அடிக்காக நிறுத்தினாள். யாரும் பாடவில்லை. வேந்தர் கிணற்றை எட்டிப் பார்ப்பவர் போலக் குனிந்தார். பிறகு அவை முன்னே வாய்விட்டு அழுதார். மகனைப் போரில் இழந்த நாளிலும் அழாத மனிதர் அவர். தம்பி போய்விட்டால் தமக்கு மறு அடி பாட எவர் உளர் என்று வேந்தர் கேட்டருளினார். உயிரோடு வந்தால் மீண்டும் நஞ்சு வைப்பாரே என்று குன்றன் கைகூப்பி விண்ணப்பித்தான். அந்த அச்சம் தமக்கும் உண்டு, ஆயினும் ஓலையை எழுதுக என்று அருளினார்.

ஆகவே ஆணை: நீலவேளை விலங்கோடு, உயிரோடு, அவை முன் கொண்டுவருக. வழியில் வெந்நீரும் மிளகுப் பாலும் கொடுத்து வருக. அவர் கழுத்தில் கயிறு படலாகாது, குளிர்காற்றும் படலாகாது. குரல் கம்மியிருந்தால் உமது தலை உமதன்று.

வந்து நின்றவர் பாட மறுத்தால் என்ன செய்வது என்று வேந்தர் சொல்லவில்லை. கேட்கக் குன்றனுக்குத் துணிவும் வரவில்லை.

கடம்பப்பூ முத்திரை கோணலாய் விழுந்திருக்கிறது. கள்ள ஓலையென ஐயுற்றுத் தாமதியாதீர். இட்டது வேந்தரின் கையே. ஒருகால் குதிரை பிந்திவிட்டதென்றால், பதில் ஓலை விடுக்க வேண்டாம். அதை வேந்தர் முன் படிக்க வேண்டியவன் குன்றன். அவனால் அது முடியாது.