தலைவர் மாமாவின் மூன்றாவது பூட்டு

என் அம்மாவுக்கு, கம்பியும் கையுமாக உட்கார்ந்திருக்கும் உன் கடைக்குட்டி எழுதுகிறேன்.

நீ இருந்தால் முதலில் திட்டுவாய். "சம்பளத்தை எல்லாம் பூட்டு வாங்கியாடி கரியாக்குவ?" என்பாய். திட்டிக்கொள். செனாவாங் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் முடிந்து வந்தால் என் தோழிகள் போனில் நாடகம் பார்க்கிறார்கள், நான் பூட்டை நோண்டுகிறேன். சாவி இல்லாமல் பூட்டைத் திறப்பதுதான் இப்போது என் பொழுதுபோக்கு. தெமியாங் இரும்புக்கடை முதலாளி, அந்தத் தவுக்கேகூடக் கேட்டுவிட்டார், "தங்கச்சி, உன் வீட்டுக்கு எத்தனை கதவுலா?" என்று.

எதற்கென்று உனக்குத் தெரியாதா? நீ போன அன்றைக்குத்தான் இது ஆரம்பித்தது.

லிங்கிப் பக்கம் நம் ரப்பர்த் தோட்டத்தில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும், கோயில் ஸ்டோரைத் திறந்து கூடாரமும் நாற்காலியும் கொடுத்துவிடுவார்கள். பகையாளி வீடாக இருந்தாலும் கொடுப்பார்கள், கேட்கக்கூட வேண்டாம். உனக்கு மட்டும் கொடுக்கவில்லை. கோயில் தலைவர் மாமா போனில், "சாவியை எங்க வச்சேன்னே தெரியலம்மா, தேடிப் பார்க்கிறேன்லா" என்றார். வானம் பொத்துக்கொண்டு ஊற்றியது. லயத்து வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தி, நாலு பேர் பிளாஸ்டிக் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். உன் கால்மாட்டில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது. பக்கத்து வீட்டுப் பச்சையம்மா அத்தை, வீங்கிய முட்டியோடு, உட்கார இடமில்லாமல் கடைசிவரை நின்றே அழுதார்.

அடுத்த ஞாயிறு தலைவர் மகளுக்குப் பிறந்தநாள். அதே கூடாரம், அதே நாற்காலி. சாவி கிடைத்துவிட்டதாம்!

நீ செய்த குற்றம்தான் என்ன? திருவிழா பேனரில் தலைவர் அம்மன் படத்தைவிடத் தன் படத்தைப் பெரிதாகப் போட்டிருந்தார். நீ கூட்டத்தில் எழுந்து, "திருவிழா அம்மனுக்கா, உனக்கா தம்பி?" என்று கேட்டாய். சபையே சிரித்தது. "வாய்க்காரி" என்று முணுமுணுத்தார். உயிரோடு இருந்தவளுக்குப் பதில் சொல்லத் துப்பில்லாத மனிதன், செத்தவளிடம் தீர்த்துக்கொண்டார். வயிறு எரிகிறது அம்மா. இன்றைக்கும் எரிகிறது.

முதலில் சின்னப் பூட்டுகளில் பழகினேன். ஒரு கம்பியால் லேசாக முறுக்கிப் பிடித்துக்கொண்டு, இன்னொன்றால் உள்ளே இருக்கும் ஊசிகளை ஒவ்வொன்றாகத் தூக்க வேண்டும். கோபத்தோடு முறுக்கினால் எல்லாம் இறுகிக்கொள்ளும். எனக்கோ கோபத்தைத் தவிர வேறொன்றும் இல்லை. விரல் கொப்புளித்த பிறகுதான் கை பதத்துக்கு வந்தது. ஒரு நாள் காலையில் ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளை நேரே கோயிலுக்கு விட்டேன். எல்லாரும் வேலைக்குப் போயிருந்தார்கள். ஸ்டோர் பூட்டைத் திறந்து, பக்கத்தில் இருக்கும் முனியாண்டி சாமியின் அரிவாளில் மாட்டிவிட்டு வந்தேன். உள்ளே ஒரு சாமானையும் தொடவில்லை.

தலைவர் அதைவிடப் பெரிய பூட்டாக வாங்கினார். அது கொஞ்சம் திரும்பி, திறந்துவிட்ட மாதிரி ஆசை காட்டி, அப்படியே நின்றுவிடும் ரகம். அவர் பேச்சு மாதிரியேதான். அதையும் பழகினேன். அதுவும் அரிவாளுக்குப் போனது. பூட்டு உடையவில்லை, கதவில் கீறல் இல்லை! தலைவருக்கு உதறல் எடுத்துவிட்டது. முனிக்குத் தன்மேல் கோபம் என்று தானே முடிவு கட்டி, சேவல் அறுத்து, சுருட்டு வைத்துப் பூசை போட்டார். இந்த வருஷப் பேனரில் அவர் படம் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கிவிட்டது, நீ பார்த்திருக்க வேண்டும். அந்தச் சேவல் கறியை நானும் சாப்பிட்டேன். உப்பு கம்மி.

பூசாரிதான் அவரிடம், "யாருக்கு என்ன குறை வச்சீங்கன்னு நீங்களே யோசிங்க" என்றாராம். யோசித்திருக்கிறார். பழத்தட்டோடு வீட்டுக்கு வந்து உன் படத்துக்கு முன்னால் நின்றார்.

"சாவி அன்னிக்கு என் சட்டைப் பையிலதான் இருந்துச்சு அக்கா. ஏதோ ஆத்திரம். முனிகிட்ட சொல்லி என்னை விட்டுடச் சொல்லுங்க" என்று கும்பிட்டார்.

பையில் இருந்ததாம்! பழத்தட்டை அவர் பக்கமே தள்ளினேன். "இதை மைக்ல சொல்லுங்க மாமா, எல்லார் முன்னாலயும்" என்றேன்.

"நான் தலைவர்லா. சபையில அதெல்லாம் எப்படிம்மா சொல்றது?"

"அப்ப பழத்தை எடுத்துட்டுப் போங்க."

அந்த வாரமே மூன்றாவது பூட்டு தொங்கியது. உள்ளங்கை அகலம், கம்பி நுழையவே இடம் கொடுக்காத துவாரம். தவுக்கேயிடம் போய் நானும் அதே பூட்டை வாங்கினேன். என்ன மல்லுக்கட்டு தெரியுமா? சுவரில் வீசி எறிந்தேன், அழுதேன், மறுபடி எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். நேற்றுக் காலை, உன் படத்துக்கு எதிரிலேயே, திறந்துவிட்டது. நான் போட்ட கூச்சலில் பச்சையம்மா அத்தை ஓடி வந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். "அடிப்பாவி!" என்று வாயில் கை வைத்தார். பூட்டை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "எனக்கு ஒரு நாற்காலி எடுத்து வை" என்றார்.

இந்தக் கடிதத்தை இன்றைக்குக் கோயில் வாட்ஸ்அப் குழுவில் போடப் போகிறேன் அம்மா. தலைவர் மாமா, படிக்கிறீர்களா? முனி இல்லை, நான்தான். முனி என்றால் ஒரு சேவலுக்கு மனம் இறங்குவார். நான் அவ்வளவு நல்லவள் இல்லை.

அம்மா, அன்றைக்கு உன் கால்மாட்டில் சொட்டிய மழை மேல் சத்தியம். ஆடிக் கூழ் ஊற்றும் நாளில் அவர் மைக்கைப் பிடித்து உண்மையைச் சொன்னால், சாவி போட்டு அவரே திறக்கட்டும். சொல்லாவிட்டால், அத்தனை பேரும் பார்க்க நான் திறப்பேன். யார் திறந்தாலும் முதல் நாற்காலி உனக்குத்தான். கூடாரத்துக்கு நட்டநடுவில், ஒரு சொட்டுத் தண்ணீர் படாத இடத்தில், உன் படத்தை வைப்பேன். இரண்டாவது நாற்காலி பச்சையம்மா அத்தைக்கு.

தலைவர் நிற்கட்டும்.

இப்படிக்கு,
உன்னைப் போலவே வாய்க்காரியான
உன் கடைசி மகள் சுமதி