கூரையில் நாலு அங்குலம்

அண்ணாவுக்கு,

தங்கை எழுதுகிறேன். நலம், நலமறிய ஆவல் எல்லாம் இந்த முறை கிடையாது. கோபமாக இருக்கிறேன்.

உன்னோடு வேலை பார்ப்பவரின் மனைவி ஞாயிற்றுக்கிழமை அங்கே கிளம்புகிறார். அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன். அதை அம்மா ஸ்பீக்கரில் போட்டு சமையலறை அலமாரியில் சாய்த்து வைத்துவிடுகிறாள். அப்பா அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார். அந்த இடத்தில் எனக்கு வாய் வராது. மெசேஜ் எழுதினால் அப்பாவும் படிப்பார், நீயும் ஒரு கட்டைவிரலைப் போட்டுவிட்டுப் போய்விடுவாய். காகிதத்துக்குக் கட்டைவிரல் போட முடியாது. உட்கார்ந்து முழுக்கப் படி.

நம் பழைய பிக்கப் வண்டியை எப்படி மாற்ற வேண்டும் என்று நீ வரைந்து அனுப்பிய படத்தை டிங்கர் மாமா பட்டறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறார். படம் அழகாகத்தான் இருக்கிறது. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். வண்டி தரையோடு தரையாகப் படுத்திருக்கிறது. கேபின் கூரை நாலு அங்குலம் இறங்கியிருக்கிறது. கதவில் கைப்பிடியே இல்லை, வழித்துவிட்ட மாதிரி இருக்கிறது. பின்பக்கம் கண்ணாடி சாய்த்து வைக்கிற மரச் சட்டம் இருந்த சுவடே இல்லாமல் பளபளவென்று ஒரு மூடி. லீவில் வந்து அதைப் பழைய வண்டிக் கண்காட்சியில் நிறுத்தினால் கூட்டம் கூடும், சந்தேகமே இல்லை. ஆனால் உள்ளே உட்கார்ந்து ஓட்ட ஒரு ஆளை நீ வரையவில்லை.

கண்ணாடி வேலையைக் குறைத்துவிட்டதாக அப்பா உன்னிடம் சொன்னார் இல்லையா? குறைக்கவில்லை. நேற்றுகூட ஒரு மாடி வீட்டுக்கு ஜன்னல் கண்ணாடி ஏற்றிக்கொண்டு போனோம். நானும் அவரும்தான். ஆறடிக் கண்ணாடியை ஒரே ஆள் தூக்க முடியாது என்று உனக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒரு முனையை அவர் பிடித்தால் இன்னொரு முனையை ஒருத்தர் பிடிக்க வேண்டும். முதலில் நீ பிடித்தாய். நீ போன பிறகு நான் பிடிக்கிறேன். தங்கச்சிக்குப் படிப்பு ஏறலை, கூச்ச சுபாவம், அதனால பள்ளிக்கூடத்தை விட்டுட்டா என்று உன் சிநேகிதர்களிடம் சொல்லியிருக்கிறாய். அவர்களில் ஒருவர் இங்கே வந்தபோது அம்மாவிடம் அப்படியே ஒப்பித்தார். நான் கதவுக்குப் பின்னால்தான் நின்றிருந்தேன். கூச்சம் உண்மைதான். படிப்பு ஏறலை என்று யார் உனக்குச் சொன்னது?

சரி, வண்டிக்கு வருகிறேன்.

முதல் வேலையாக டிங்கர் மாமா என் பக்கத்துக் கதவின் கைப்பிடியைக் கழற்றி, ஓட்டையைத் தகடு வைத்து அடைத்து, தேய்த்துப் பட்டி பூசிவிட்டார். உள்பக்கக் கைப்பிடிக்குப் போகிற கம்பியும் அதோடு போயிற்று. நீ அனுப்பப்போகிற மோட்டாரை மாட்டினால் பட்டனைத் தட்டியதும் கதவு திறக்குமாம். மோட்டார் இன்னும் வரவில்லை. அதுவரை நான் அப்பா பக்கமாக ஏறி, கியர் கம்பியைத் தாண்டி, சீட்டில் நகர்ந்து நகர்ந்து போய் உட்கார வேண்டும். இறங்கும்போதும் அப்படியே. வயசுப் பெண் நடுத்தெருவில் நண்டு மாதிரி வண்டியிலிருந்து இறங்குவதை எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள் தெரியுமா? எனக்கு யாரும் ஒரு நிமிஷம் பார்த்தாலே காது சூடாகிவிடும்.

அதையும் பொறுத்துக்கொண்டேன். போன வாரம் நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. வண்டியின் பின்னால் கண்ணாடிச் சட்டம் என் கதவுப் பக்க ஓரமாகத்தான் இருக்கிறது. எப்போதும் நான் முதலில் குதித்து இறங்கிக் கண்ணாடியைப் பிடித்துக்கொள்வேன், அப்புறம்தான் அப்பா கயிற்றை அவிழ்ப்பார். அன்றைக்கும் அவர் பழக்கத்தில் சுற்றி வந்து கயிற்றை அவிழ்த்துவிட்டார். நானும் பழக்கத்தில் என் கதவைத்தான் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துக் காற்று. சட்டத்திலிருந்து சரிந்த கண்ணாடி முழுவதும் அப்பாவின் நெஞ்சில் சாய்ந்தது. அவர் கால்களை அகட்டி நின்று தனியாகத் தாங்கினார். நான் ஜன்னல் வழியாகத் தலைகீழாக விழுந்து எழுந்து போய்ப் பிடித்தேன். கண்ணாடி உடையவில்லை. அவர் முழங்கைக்குக் கீழே சட்டையும் தோலும் கிழிந்திருந்தன. கர்ச்சீப்பைச் சுற்றிக்கொண்டு, அண்ணன் மோட்டாரை அனுப்பிட்டா கதவு தானா தொறக்கும்மா, மகாராணி மாதிரி இறங்கலாம் என்று சிரிக்கிறார். சிரிக்கிறார், அண்ணா! எனக்கு அந்தக் கதவை எட்டி உதைக்க வேண்டும் போலிருந்தது. உதைத்தேன். பட்டியில் என் செருப்புத் தடம் இருக்கிறது. டிங்கர் மாமா மறுபடி பூசட்டும்.

இனிதான் முக்கியமான விஷயம்.

கூரை நாலு அங்குலம் இறங்கினால் முன்கண்ணாடியும் அவ்வளவு குறைய வேண்டும். அதை அப்பாவே வெட்டித் தரட்டும் என்று நீ சொன்னாய். அப்பா அன்றைக்கே வெட்டிவிட்டார். ஓரங்களைத் தேய்த்து, போர்வையில் சுற்றி, நம் அறையில் சாய்த்து வைத்திருக்கிறார். உன் அளவுக்கு ஒரு நூல் பிசகவில்லை. அளவு பார்ப்பதற்காக இப்போது இருக்கிற கண்ணாடியின் மேல்பக்கம் நாலு அங்குலத்துக்குக் காகித டேப்பைப் பட்டையாக ஒட்டினார். அளவு எடுத்த பிறகும் டேப்பை உரிக்கவில்லை. உரிக்கட்டுமா என்று கேட்டதற்கு, இருக்கட்டும், வெயில் அடிக்குது என்றார். வானம் மூடியிருந்த நாளிலும் இருந்தது.

அப்புறம்தான் பார்த்தேன். சீட்டைப் பிரித்து ஸ்பிரிங்கை எல்லாம் எடுத்துவிட்டு ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் சாக்கை விரித்திருக்கிறார். அதில் உட்கார்ந்து, கழுத்தைக் குறுக்கி, டேப்புக்குக் கீழே தெரிகிற இடத்தில் பார்த்து வண்டி ஓட்டிப் பழகுகிறார். நீ கூரையை வெட்டிய பிறகு ஓட்ட வேண்டுமே, அதற்காக. கண்ணாடிக் கடைக்காரர்கள் அவரை நெட்டையண்ணே என்று கூப்பிடுவது சும்மா இல்லை. ஸ்பிரிங் இருந்தபோது அவர் தலைக்கும் கூரைக்கும் நடுவில் என் உள்ளங்கைதான் நுழையும். சிக்னலில் விளக்கு அவருக்குத் தெரிவதில்லை. என்ன விழுந்திருக்கும்மா என்று என்னைக் கேட்கிறார். நான் பச்சை என்கிறேன், அவர் கிளப்புகிறார்.

இன்னொன்றும் எழுதுகிறேன். எழுதக் கூடாது என்று அவர் சொல்லியிருக்கிறார், அதனால்தான் எழுதுகிறேன். அவருக்குக் கழுத்து எலும்பு தேய்ந்திருக்கிறது. குனியவே கூடாது என்று டாக்டர் கழுத்தைச் சுற்றிப் பட்டை போட்டுவிட்டிருக்கிறார். வீடியோவில் உன் முகம் வருவதற்கு முன்னால் அதைக் கழற்றி அலமாரிக்குப் பின்னால் போடுகிறார். நீ பேசி முடித்ததும் அம்மா எடுத்துக் கொடுக்கிறாள். இதுதான் உனக்குத் தெரிகிற அப்பா.

அம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். அவன் ஆசைப்பட்டு ஒண்ணு கேக்கறான், நீ குறுக்க விழாதே என்கிறாள். அப்பாவிடமும் கேட்டேன். உனக்கு ஆச்சரியமாக இருக்கும், நானாகவே வாயைத் திறந்து கேட்டேன். ஏம்ப்பா வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா என்றேன். அவர் ஸ்டியரிங்கைத் துடைத்துக்கொண்டே, அவன் இதுவரைக்கும் எங்கிட்ட கேட்டதே இது ஒண்ணுதாம்மா என்றார். உன்மேல் வந்த கோபம் அந்த ஒரு வார்த்தையில் இரண்டு மடங்காகிவிட்டது.

கூரையை வருகிற திங்கட்கிழமை வெட்டுவதாக இருந்தது. அதனால் நானே தனியாகப் பட்டறைக்குப் போனேன். கம்ப்ரசர் காது கிழியக் கத்திக்கொண்டிருந்தது. நான் இரண்டு தடவை சொல்லியும் டிங்கர் மாமாவுக்குக் கேட்கவில்லை. மூன்றாம் தடவை இருக்கிற சக்தியெல்லாம் சேர்த்து, கூரையை வெட்டாதீங்க என்று கத்தினேன். அதே நொடி காற்று நிரம்பிக் கம்ப்ரசர் தானாக நின்றுவிட்டது. பட்டறையில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். டிங்கர் மாமா காதைத் தடவிக்கொண்டு, அடேயப்பா, இந்தப் பொண்ணுக்குக் குரல் இருக்கா என்றார். ஓடி வந்திருப்பேன். கால் நகரவில்லை. நல்லவேளை.

அவர் அன்று சாயங்காலமே அளவு எடுக்கிற சாக்கில் வீட்டுக்கு வந்தார். அப்பாவை சீட்டில் உட்காரச் சொன்னார். ஸ்பிரிங் எங்கண்ணே போச்சு என்றார். பழசாயிடுச்சு என்றார் அப்பா. இடிக்குமேண்ணே என்றதற்கு, தாராளமா இருக்குப்பா, இன்னும் ஒரு அங்குலம்கூட எறக்கலாம் என்றார். டிங்கர் மாமா தெருமுனை வரை என்னை அழைத்துக்கொண்டு போய்ச் சொன்னது இது. உங்கப்பா ஆமை மாதிரி கழுத்தை உள்ள இழுத்துக்கிட்டு தாராளமா இருக்குங்கறாரு, நான் என்னம்மா பண்ணட்டும்? கூரையைத் தாங்கற பில்லரை அறுத்துட்டா அறுத்ததுதான். திரும்ப வச்சு வெல்டு பண்ணினாலும் அது ஒட்டுப்போட்ட வண்டி. ஆனா வெட்டச் சொன்னது உங்கண்ணன், தலையாட்டினது உங்கப்பா. நடுவுல நீ சொன்னேன்னு நிறுத்தினா உங்கப்பாவுக்குத்தான் அசிங்கம். உங்கண்ணன் வாயால வரட்டும். வெல்டிங் கேஸ் சிலிண்டர் தீந்துபோச்சுன்னு சொல்லி ஒரு வாரம் இழுத்துப் பார்க்கறேன், அதுக்கு மேல பொய் சொல்ல எனக்கு வராது என்றார்.

ஆக, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது உனக்கு நாலைந்து நாள்தான் இருக்கும்.

என்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன், அப்படியே செய். வழக்கம்போல வீட்டுக்குக் கூப்பிடு. கழுத்து எப்படி இருக்கிறது என்று கேட்டுவிடாதே. பட்டை, பலகை, கண்ணாடி சாய்ந்தது, நான், எதைப் பற்றியும் மூச்சு விடாதே. ஒன்றும் தெரியாதவன் மாதிரி பேசு. அது உனக்குக் கஷ்டமாக இருக்காது. அப்பா, எனக்கு மனசு மாறிடுச்சு, கூரை இறங்கினா நல்லா இல்லை, பழையபடியே இருக்கட்டும், கைப்பிடியும் வேணும், சட்டமும் இருக்கட்டும் என்று சொல். உன் ரசனை மாறியதாக இருக்க வேண்டும். அவரால் முடியாமல் நிறுத்தியதாக இருக்கக் கூடாது. நான் எழுதியது தெரிந்தால் அடுத்த நாளே போய்த் தன் கையாலேயே பில்லரை அறுத்துவிட்டு வருவார், நான் அவரை அறிவேன். கண்ணாடியைக்கூட வெட்டிட்டேனேப்பா என்று இழுப்பார். அசையாதே. பிடிவாதம் பிடி. சின்ன வயதில் எத்தனை பிடித்திருக்கிறாய்!

கடைசியில், உன் இஷ்டம்ப்பா என்பார். அப்புறம் பேச்சு இருக்காது. அப்போது போனை வைத்துவிடாதே. இரண்டு வருஷமாக நீங்கள் இருவரும் வண்டியைப் பற்றித்தான் பேசுகிறீர்கள், அது முடிந்துவிட்டால் அவருக்கு என்ன பேசுவதென்று தெரியாது, உனக்கும் தெரியாது. இருந்தாலும் வைக்காதே. என்ன சாப்பிட்டீங்க என்று கேள். என்ன வேண்டுமானாலும் கேள்.

நீ எப்போது வருவாய் என்று அவர் உன்னைக் கேட்க மாட்டார். நானும் கேட்கப் போவதில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு, சரியாகத் தூங்கு. இதையும் கோபமாகத்தான் எழுதுகிறேன்.

உன்
தங்கை