கொண்டை ஊசியும் ஒற்றைத் தும்மலும்

மாப்ளே,

இன்று காலை உன் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து உன் பாஸ் டிரம்மின் பின்தோலைக் கழற்றினேன். காலால் மிதித்தே என் தூக்கத்தையும் காதையும் ஒருசேரக் கெடுத்தாயே, அதே பெரிய டிரம். உள்ளே கையை விட்டதும் தும்மல். ஒன்றல்ல, மூன்று. உன் சட்டைகளிலிருந்துகூட உன் வாசம் போய்விட்டது என்று உன் அம்மா சொல்கிறார். இந்த டிரம்மிலிருந்து மட்டும் மிளகு போன பாடில்லை. கொஞ்சம் அழலாம் என்று நினைத்துத்தான் திறந்தேன். தும்மிக்கொண்டே அழுவது நடக்கிற காரியமில்லை என்று தெரிந்துகொண்டேன்.

அந்த மிளகு உள்ளே போன கதையை நேற்று எல்லாரும் கேட்கக் கேட்கச் சொன்னேன். கச்சேரிப் பயணம் கிளம்பிய அன்று டிரம்முக்குள் திணிக்கும் தலையணையை நீ வீட்டிலேயே விட்டுவிட்டாய். திணிக்காவிட்டால் தகர டப்பா சத்தம் வரும். சேலத்தில் மேடை ஏறப் பத்து நிமிடம் இருக்கும்போது நீ சாவகாசமாக வேனுக்குப் போய், உன் சித்திக்குக் கொடுக்கச் சொல்லி அம்மா கட்டிக் கொடுத்த மிளகுச் சாக்கைத் தூக்கி வந்து உள்ளே திணித்தாய். சத்தம் அற்புதமாக வந்தது, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்தோலில் மைக் வைக்க ஒரு ஓட்டை இருக்கிறதல்லவா. நீ மிதிக்கிற ஒவ்வொரு மிதிக்கும் அந்த ஓட்டை வழியாக மிளகுத் தூள் முதல் வரிசைக்குப் போனது. தலைமுடியை விரித்துப்போட்டு ஆட வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். உன் சித்திக்குக் கடைசிவரை மிளகு போய்ச் சேரவில்லை.

இதில் பெரிய வேடிக்கை, மிளகுக் காட்டுக்காரன் மகனான உனக்கே மிளகுத் தூள் ஆகாது. நீ தும்ம ஆரம்பித்தால் அம்மா எந்த வேலையில் இருந்தாலும் குரல் கொடுப்பார். "நூறு" என்பார். அடுத்ததற்கு "இருநூறு." காய் உலர்த்தும் நாட்களில் எழுநூறு, எண்ணூறு வரை போவார். "இவனுக்கு வயசு சொல்லியே என்ர தொண்டத் தண்ணி வத்துதுங்க" என்று என்னிடம் முறையிடுவார். நீயோ மூக்கைத் துடைத்துக்கொண்டு, "போதும்மா, அத்தன வருசம் இருந்தா யாரு சோறு போடுவாங்க" என்பாய்.

நேற்று உன் நினைவாக உன் ஊர் மைதானத்தில்தான் கூடினோம். ரசிகர்கள் கேட்டுக்கொண்டது. பயணத்தில் பார்த்ததை, பட்டதை ஆளுக்கொரு வார்த்தை மைக்கில் சொல்வது, பிறகு நாங்கள் வாசிப்பது என்று ஏற்பாடு. கோயம்புத்தூர், பெங்களூர், கொச்சி என்று எங்கிருந்தெல்லாமோ மலைமேல் இருக்கும் குண்டனி நாட்டுக்கு வந்திருந்தார்கள். பாதிப் பேர் வளைவுகளில் வயிற்றைக் காலி செய்துவிட்டு முகம் வெளுத்து இறங்கினார்கள். முள்ளுக்குறிச்சி வழியாக வாருங்கள், அந்தப் பக்கம் வளைவு குறைவு என்று படித்துப் படித்துச் சொன்னேன். "'கொண்டை ஊசி' பாட்டுல வர்ற வளைவ எண்ணிக்கிட்டே வரணும்ணா" என்றார்கள். நீ எழுதிய பாட்டுக்கு இப்படியும் ஆட்கள் இருக்கிறார்கள்.

முதலில் நம் பாடகன் பிரபு பேசினான். அந்தப் பயணத்தில் கீழே இறங்கும்போது அவன் ஜன்னலில் தலையை நீட்டி வாந்தி எடுத்ததும், டிரைவர் வண்டியை நிறுத்தவே இல்லாததும் நினைவிருக்கிறதா. அடிவாரத்தில் இறங்கி நியாயம் கேட்டான். "நீங்க பாடிப் பழகறீங்கன்னு நெனச்சனுங்க" என்று டிரைவர் சொன்னார். அவன் மேடையில் உறுமுவதைக் கேட்டவர்கள் யாரும் டிரைவரைக் குறை சொல்ல மாட்டார்கள்.

அடுத்து பெங்களூர்த் தம்பி. பயணத்தின் கடைசிக் கச்சேரிக்கு நாட்டுக்கோழி ஆசையில் மலையேறி வந்தவன். கருப்புச் சட்டையும் தாடியுமாக அத்தனை பேர் பஸ்ஸிலிருந்து இறங்கியதைப் பார்த்த உன் ஊர்க்காரர்கள், சபரிமலைக்கு விரதம் இருக்கிற கூட்டம் என்று முடிவு கட்டிவிட்டார்கள். வைத்திருந்த குழம்பை இறக்கி ஒளித்துவிட்டு, சாமை சோறும் பருப்பும் போட்டார்கள். உன் பெரியப்பா மட்டும் சந்தேகப்பட்டு, "மால எங்கீங்க சாமி?" என்று அவனிடம் கேட்டிருக்கிறார். தமிழ் தெரியாத அவன் கழுத்தில் கிடந்த மண்டை ஓட்டு டாலரைத் தூக்கிக் காட்டியிருக்கிறான். பெரியப்பா அதன்பிறகு எதுவும் கேட்கவில்லை. நேற்று உன் அம்மா அவன் இலையில் கோழியாக வைத்துக்கொண்டே இருந்தார்.

பிறகு நம் கிட்டார் மணி, சென்னைக் கதையை எடுத்தான். அதற்குப் பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். புரோகிரசிவ் மெட்டல் வாசிக்கிறோம் என்றபோது என் அப்பா, அது ஒரு ராக் இசை என்று தெரியாமல், சேந்தமங்கலத்தில் லேத் பட்டறை வைக்கப் போகிறேன் என்று நினைத்து மகிழ்ந்தார். நாலு நாலாகத் தாளம் போட்டால் ஊரே ஆடும். நீ ஏழு, ஐந்து, பதினொன்று என்று மாற்றி மாற்றிப் போட்டு, ஆட வந்தவன் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் நிற்க வைத்தாய். அதிலும் 'கொண்டை ஊசி' கால் மணி நேரத்துக்கு மேல் ஓடும். நம் மலை ரோடு மாதிரியே வளைந்து வளைந்து ஏறி, உச்சியில் எல்லாரும் சட்டென்று நிறுத்திவிடுவோம். சுத்த மௌனம். "கடைசி வளைவுல பஸ்ஸு திரும்பறப்ப வயித்துல ஒண்ணுமே இல்லாத மாதிரி இருக்குமில்ல, அது" என்று நீ விளக்கினாய். அந்த மௌனத்தை எப்போது உடைப்பது என்பது உன் கையில் மட்டுமே இருந்தது. உன் குச்சி விழுந்தால்தான் எங்களுக்கு உயிர்.

ஆனால் போன ஊரிலெல்லாம் அந்த மௌனத்தில் கை தட்டினார்கள். பாட்டு முடிந்தது என்று நினைத்துக்கொள்வார்கள். உனக்குப் பற்றிக்கொண்டு வரும். "ஒரே ஒரு ஊர்ல, ஒரே ஒருக்கா, தட்டாம காத்திருந்தாப் போதும்டா, நான் குச்சியக் கீழ போட்டுட்டு மொளகு பறிக்கப் போயிர்றேன்" என்பாய். சென்னையில் விழாக்காரர் ஒருவர் மௌனம் விழுந்ததும் பொன்னாடைகளோடு மேடைக்கே வந்துவிட்டார். பிரபுவுக்குப் போர்த்தி, மணிக்குப் போர்த்தி, உனக்குப் போர்த்த வரும்போது நீ அடித்துவிட்டாய். சால்வை தலையில் விழுந்து முகத்தை மூடி, பாட்டின் மிச்சம் முழுவதையும் முக்காட்டுக்குள்ளிருந்தே அடித்து முடித்தாய். எனக்குச் சால்வை வரவில்லை. பாஸ் கிட்டார் வாசிக்கிறவனை யார் கவனித்தார்கள்.

நீ கேட்ட அந்த ஒரே ஒரு ஊர், பயணத்தின் கடைசிக் கச்சேரியில், உன் ஊராகவே அமைந்தது. மௌனம் விழுந்தது. ஒருவரும் தட்டவில்லை. புரிந்து காத்திருந்தார்களா, இன்னும் என்ன கொடுமை வரப்போகிறதோ என்று பயந்து உட்கார்ந்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. உன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. குச்சியை ஓங்கினாய். அந்த நேரம் பார்த்து முன்வரிசையில் ஒரு ரசிகன் தும்மினான். ஒரே ஒரு தும்மல்.

"நிறுத்து கண்ணு" என்று உன் அம்மா எழுந்தார். "ஒத்தத் தும்மலு. ஆவாது. தண்ணி குடிச்சுப்போட்டு அடி."

ஒற்றைத் தும்மல் விழுந்தால் எடுத்த காரியத்தை நிறுத்தி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்துவிட்டுத்தான் தொடர வேண்டும் என்பது உங்கள் வீட்டில் மாற்ற முடியாத சட்டம். நீ ஏற்கெனவே உட்கார்ந்துதான் இருந்தாய், அந்த மட்டில் வேலை மிச்சம். அம்மா சொம்போடு மேடை ஏறினார். பிரபு திறந்த வாயை மூடாமல் நின்றான். உலகத்தை எதிர்த்துப் பாட்டு எழுதிய நீ, ஓங்கிய குச்சியை மடியில் வைத்துவிட்டு, அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்தாய். அம்மா வாயைத் துடைத்துவிட்டு, "இப்ப அடி" என்றார். நீ அடித்தாய். அப்படி ஓர் அடியை நீ அதற்குப் பிறகும் அடிக்கவில்லை.

அதை ஒருவன் படமெடுத்து இணையத்தில் போட்டுவிட்டதால், அடுத்தடுத்த பயணங்களில் எந்த ஊரிலும் யாரும் தட்டவில்லை. மௌனம் விழுந்ததும் தும்மலுக்குக் காத்திருந்தார்கள். தும்மல் விழுந்ததும் தண்ணீர் பாட்டில் நீட்டினார்கள். அது பாட்டின் ஒரு பகுதி என்றே நினைத்துக்கொண்டார்கள்.

அப்படி இருந்த நீ, காய்ச்சல் என்று சேந்தமங்கலம் ஆஸ்பத்திரிக்கு இறங்கினாய். ஏறி வரவில்லை. உன் காரியத்தன்று, புகையில் எனக்குத் தும்மல் வந்தது. பழக்கத்தில் உன் அம்மாவைப் பார்த்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு, "அவனுக்கு எத்தன நூறு சொல்லியிருப்பேன் கண்ணு. நாப்பதக்கூடத் தொடுல. என்ர வாய்க்குப் பலன் இல்ல" என்றார். அன்றிலிருந்து யார் தும்மினாலும், பக்கத்து வீட்டுக் கைக்குழந்தை தும்மினாலும்கூட, அவர் வாய் திறக்கவில்லை. அது எனக்கு உன் சாவை விடப் பெரிய பயமாக இருந்தது.

பாட்டும் அதே கதிதான். சேலத்திலிருந்து நிவேதா என்ற பெண் டிரம் வாசிக்க வந்தாள். ஏழும் பதினொன்றும் அவளுக்குச் சாதாரணம். மௌனம் வரை பிரமாதமாக ஏறுவாள், அங்கேயே நின்றுவிடுவாள். "எத்தன எண்ணோணும்ணா?" என்று கேட்டாள். பிரபு ஒரு கணக்குச் சொன்னான், மணி ஒன்று சொன்னான், நான் ஒன்று சொன்னேன். பழைய பதிவுகளைப் போட்டுக் கேட்டோம். ஒன்றைப்போல் ஒன்று இல்லை. "இது தாளம் இல்லீங்கண்ணா, அவரோட இஷ்டம்" என்று குச்சியை வைத்துவிட்டாள். ஒத்திகை பார்த்த நாளெல்லாம் அந்த உச்சியில் ஏறி அங்கேயே நின்றோம். நேற்றும் அப்படியே நின்றுபோனால் இனி அந்தப் பாட்டைத் தொடுவதில்லை, குழுவையும் கலைத்துவிடலாம் என்று மூவரும் பேசி வைத்திருந்தோம்.

நேற்று மதியத்துக்கு மேல் வாசித்தோம், நிவேதாவுக்கு உன் டிரம்தான். அம்மா வர மாட்டார் என்று நினைத்தேன். வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். மௌனம் விழுந்தது. கருப்புச் சட்டைகளும் உன் ஊர்க்காரர்களும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். நிவேதா குச்சியை ஓங்கினாள், இறக்கினாள். என்னைப் பார்த்தாள். எனக்கு என்ன தெரியும். பிரபு கண்ணை மூடிக்கொண்டான். அவ்வளவுதான், முடிந்தது என்று தோளிலிருந்து பாஸைக் கழற்றக் கை வைத்தேன்.

நிவேதா தும்மினாள். உன் மிளகுதான் மாப்ளே, வேறென்ன.

அம்மா எழுந்தார். யாரோ நீட்டிய பிளாஸ்டிக் பாட்டிலைத் தள்ளிவிட்டு, வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு மெல்லப் படி ஏறினார். கொண்டுவந்திருந்தார் என்பதை அப்போதுதான் கவனித்தேன். அந்தப் பெண் குடித்தாள். குடித்த கையோடு இன்னொரு தும்மல் போட்டாள். அம்மா அவள் தலையில் கையை வைத்தபடி வெகுநேரம் நின்றார். பிறகு மைக்கில் விழுகிற மாதிரியே சொன்னார்:

"நூறு. இருநூறு. அடி சாமி."

அவள் அடித்தாள். நாங்கள் பாட்டின் மறுபக்கம் இறங்கினோம். நான் அழுதுகொண்டே வாசித்ததில் இரண்டு இடத்தில் தப்பு. யாருக்கும் கேட்கவில்லை, பாஸ்தானே.

சாக்கை உதறி ஒரு பிடி மிளகை என் பாஸ் பெட்டியில் போட்டுக்கொண்டேன். மிச்சத்தை டிரம்முக்குள்ளேயே திரும்ப வைத்து மூடிவிட்டேன், நிவேதா எடுத்துப் போகிறாள். காலையில் நான் மூன்று முறை தும்மினேன் என்றேனே, சமையல்கட்டில் சாமை களைந்துகொண்டிருந்த உன் அம்மா அங்கிருந்தே முன்னூறு வரை சொன்னார். முன்னூறு வருடம் பாஸ் வாசிக்க எனக்குத் தெம்பில்லை மாப்ளே. ஆனால் அம்மா சொல்லிவிட்டார், இருந்துதான் ஆக வேண்டும்.